டைப்ஸ்கிரிப்ட் சொல்லித்தருகிறவர்களுக்கு: ஃபைல் பாடத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள்

வணக்கம். நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப், அதாவது தரவு வகை, சேர்த்த மொழி) கற்றுத்தருகிற எல்லோருக்கும்தான் இந்த மடல். காணொளி போடுகிறவர்கள், வகுப்பு எடுக்கிறவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள், யாராக இருந்தாலும் சரி. உங்களைப் போன்றவர்களிடம் படித்துத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன், அந்த நன்றி இருக்கிறது. ஆனால் டெக்ஸ்ட் ஃபைலை வாசிக்கிற, எழுதுகிற பாடத்தை மட்டும் ஏன் இப்படி அவசர அவசரமாக முடிக்கிறீர்கள்?

பாடம் எப்போதும் ஒரே மாதிரி. ஃபைல் வேலைகளுக்கான 'எஃப்எஸ்' மாட்யூலை இம்போர்ட் செய், ஃபைலை வாசிக்க 'ரீட்ஃபைல்சிங்க்' போடு, வந்ததை டெக்ஸ்டைத் தரவாக மாற்றும் 'ஜேசான்.பார்ஸ்' கையில் கொடு, கடைசியில் 'ஆஸ் கான்ஃபிக்' என்று ஒரு டைப்பை ஒட்டு, எடிட்டரில் பிழை காட்டும் சிவப்புக் கோடு இல்லையே, அடுத்த பாடத்துக்குப் போகலாம். 'ஜேசான்.பார்ஸ்' தருவது 'எனி' (எந்த வகையாகவும் இருக்கலாம், சோதனை கிடையாது) என்பதையும், அதன்மேல் எந்தப் பெயரை ஒட்டினாலும் கம்பைலர் (கோடைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கருவி) மறுபேச்சு பேசாது என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போதே டைப் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது, அப்புறம் புரோகிராம் ஓடும்போது ஃபைலில் இருக்கும் 'போர்ட்' என்ற மதிப்பு எண்ணா, மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) என்று பார்க்க அங்கே ஆளே கிடையாது. தப்பு இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் பிடித்துவிடும் என்று நம்பி நான் ஓட்டிய காலம் உண்டு. ஃபைலிலிருந்து வருவதை 'அன்நோன்' (வகை தெரியாது) என்று வாங்கி, சோதித்துப் பார்த்த பிறகே டைப் கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறை) விஷயம் இன்னும் மோசம். 'யூடிஎஃப்8' என்று கொடுக்க மறந்தால் ஸ்ட்ரிங்குக்குப் பதில் பஃபர், அதாவது வெறும் பைட்டுகள், வரும். இதையாவது கம்பைலர் கவனித்துக் கத்துகிறது. உடனே நீங்கள் பைட்டுகளை ஸ்ட்ரிங்காக மாற்றும் 'டூஸ்ட்ரிங்' போட்டு அதன் வாயை அடைக்கச் சொல்லித்தருகிறீர்கள். முழு ஃபைலையும் ஒரே மூச்சில் வாசித்தால் அது சரிதான். அதே பழக்கத்தோடு பெரிய ஃபைலை ஸ்ட்ரீமாக, அதாவது துண்டு துண்டாக, வாசிக்கப் போனால்தான் வம்பு. 'கிரியேட்ரீட்ஸ்ட்ரீம்' நாம் எதுவும் மாற்றாவிட்டால் அதிகபட்சம் 65,536 பைட்டாக வெட்டி வெட்டித் தரும். யூடிஎஃப்-8இல் 'க' 3 பைட், 'கோ' என்றால் க-வும் துணைக்குறியும் சேர்ந்து 6 பைட். 65,536-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது இடைவெளியே இல்லாத முழுத் தமிழ் ஃபைலாக இருந்தாலும், முதல் துண்டின் கடைசியில் ஓர் எழுத்தின் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும், மீதி 2 பைட் அடுத்த துண்டில். துண்டு துண்டாக 'டூஸ்ட்ரிங்' போட்டால் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறிதான். கம்பைலருக்கு இதில் புகாரே இல்லை, உடைந்த ஸ்ட்ரிங்கும் ஸ்ட்ரிங்தானே! ஸ்ட்ரீமிலேயே 'செட்என்கோடிங்' என்று ஒரு வரி போட்டால், அரைகுறைப் பைட்டுகளை அது கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துத் தரும். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஃபைலில் சோதித்துக்கொண்டே இருந்தால் இந்தப் பிழை ஆயுளுக்கும் கண்ணில் படாது.

எழுதும் பக்கம் நான் பட்டது தனிக் கதை. 'ரைட்ஃபைல்' முதலில் பழைய ஃபைலைக் காலி செய்கிறது, பிறகுதான் எழுத ஆரம்பிக்கிறது. எங்கள் சர்வர் செட்டிங்ஸ் ஃபைலை எழுதிக்கொண்டிருந்த அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆனது. ஃபைல் அளவு 0 பைட். அடுத்து எழுந்த சர்வர் அந்த வெற்று ஃபைலை 'பார்ஸ்' செய்யப் போய் விழுந்தது, திரும்ப எழுந்தது, திரும்ப விழுந்தது. பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அதே ஃபோல்டரில் வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டு 'ரீநேம்' செய்தால், வாசிப்பவருக்குப் பழைய ஃபைல் முழுசாகக் கிடைக்கும், இல்லையென்றால் புதியது முழுசாகக் கிடைக்கும். (திடீரென்று மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது வேறு விவகாரம், அதற்கு 'எஃப்சிங்க்' (எழுதியதை வட்டில் சேர்க்கச் சொல்வது) வரை போக வேண்டும்.) இரண்டே வரி கூடுதல் வேலை, ஒரு பாடத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. 'அவெய்ட்' (வேலை முடியும்வரை காத்திரு என்பது) விட்டுப்போனாலும் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் தானாக எச்சரிக்காது. முந்தைய 'ரைட்ஃபைல்' முடியும்முன் அதே ஃபைலில் அடுத்ததைத் தொடங்குவது பாதுகாப்பில்லை என்று நோட் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கிறது. ஃபைல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு திறக்கச் சொல்கிறீர்கள், அந்த இடைவெளியில் யாராவது அழித்துவிட்டால்? நேராகத் திறந்து 'ஈஎன்ஓஈஎன்டி' (அப்படி ஃபைலே இல்லை) எரரைப் பிடிப்பதுதான் முறை. './டேட்டா.டிஎக்ஸ்டி' என்பது கோடு இருக்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல, புரோகிராமை ஓட்டிய ஃபோல்டரிலிருந்து கணக்கு. கம்பைல் செய்யும்போது டெக்ஸ்ட் ஃபைல், கம்பைல் ஆன கோடு போகும் 'டிஸ்ட்' ஃபோல்டருக்குத் தானாகப் போகவும் போகாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை 'ஹலோ வேர்ல்டு' என்று ஒரு வரி ஃபைலை வைத்துப் பாடம் எடுக்காதீர்கள். சில நூறு மெகாபைட் தமிழ் ஃபைல் ஒன்றைக் கொடுத்து ஸ்ட்ரீமில் வாசிக்கச் சொல்லுங்கள், அதைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் புரோகிராமை நிறுத்தும் கன்ட்ரோல்-சி அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த ஃபைலைத் திறந்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த ஒருவன்