காப்புக் கட்டிய பிறகு

சோழவந்தான்,
வைகாசிக் கடைசி

அன்புள்ள விஜி,

உன் பேத்தி காதுகுத்துக்கு நான் வரவில்லை. போனில் "பரவாயில்லடி" என்றாய். உன் பரவாயில்லையை எனக்கு 40 வருஷமாகத் தெரியும். அதனால்தான் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பென்ஷனில் சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் இந்த ஊர் எனக்கு ஒட்டவே இல்லை. மதுரைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் எப்போது தவறினார், எல்லாம் கேட்டுவிடுவார்கள். சுற்றி வளைத்து "நீங்க என்ன ஆளுக?" என்பதும் வந்து நிற்கும். அந்தக் கேள்வி இன்றைக்கும் எரிச்சல்தான். அதைப் பிரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு கிழவி. தெருவே அப்பத்தா என்று கூப்பிடுவதால் எனக்கும் அப்பத்தா. ஆயுசு முழுக்கக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிய கை. இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைச் சொன்னேன். "அது கெடைக்காமலேதான் இம்புட்டு நாளா வித்தோம்" என்று முடித்துவிட்டார். கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன்மேல்தான் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். கொடிக்குப் பிடிமானமும் அதுதான், நிழலும் அதுதான். அதனால் இங்கே அகத்திக்கீரைக்குப் பஞ்சமில்லை.

நான் வந்த வாரமே ஒரு தூக்குவாளியில் அகத்திக்கீரை வெஞ்சனம் வந்தது. அன்று சாயங்காலமே வாளியைத் தேய்த்து, ரவா லட்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி முருங்கைக்காய் வந்தது; நான் பிஸ்கட் வைத்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "ஏத்தா, நான் என்ன வட்டிக்கா விட்டேன்? அன்னன்னைக்கே அடைக்கிறியே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. நம் ஃபிளாட் வாழ்க்கையில் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காமல் இருப்பதைத்தானே மரியாதை என்று பழகியிருந்தோம்? அதற்கப்புறம் அந்தத் தூக்குவாளி மூன்று மாதம் என் அடுப்படியிலேயே கிடந்தது. அப்பத்தாவும் என் சீனி டப்பாவை என்னிடம் கேட்காமலே திறக்க ஆரம்பித்தார். வெள்ளனா வெளியே போனால் அவர் வீட்டுச் சாவி என் ஜன்னல் ஆணியில் தொங்கும். பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறதென்று நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதையும் மெதுவாகப் படிக்கணும், மருமகள் காதில் விழாமல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா 17 நாள். பால்குடம், அக்னிச்சட்டி, பூக்குழி, தேர் என்று ஊரே கோயில் வாசலில்தான் இருக்கும். உன் வீட்டு விசேஷத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துப் பையும் கட்டிவிட்டேன். வாசலைத் தாண்டுகையில் அப்பத்தா மறித்தார்.

"எங்கிட்டுப் போற?"

"சென்னைக்கு. ரெண்டு நாள்ல வந்துருவேன்."

"காப்புக் கட்டியாச்சு. ஊர்க்காரவுக வெளியூர்ல ராத் தங்கப்பிடாது."

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது, உனக்கே தெரியும். வாதாடுவதற்கு வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் 'ஊர்க்காரவுக' என்று அவர் வாயில் வந்ததே, விஜி, அது என்னையும் சேர்த்துத்தான். அப்பத்தா அதை யோசித்தெல்லாம் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோவை நானே திருப்பி அனுப்பினேன். டிக்கெட் பணம் பாதிகூடத் திரும்பவில்லை.

பூக்குழி அன்று தெருவில் தண்ணீர் ஊற்ற ஒரு குடம் கொடுத்து என்னையும் நிறுத்திவிட்டார்கள். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஒரு கவுளி வெற்றிலை பார்சலில் போட்டிருக்கிறேன். அப்பத்தா பொறுக்கி, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தது. வந்ததும் பிரித்துவிடு, இல்லாவிட்டால் அழுகும். பேத்திக்கு ஒரு ஜோடிக் கம்மல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதை நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வைகாசிக்கே வா. காப்புக் கட்டுக்கு முந்தி வந்தாயானால் திருவிழா முடிகிறவரை உன்னை அப்பத்தா அனுப்பமாட்டார். அதற்குத் தக்கபடி புடவை எடுத்து வந்துவிடு.

உன்,
சாந்தா