எந்த ஊரில் வந்த மலேரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழைக்கால மலேரியாவைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மும்பையில் இந்நோயைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு மாடித் தொட்டிகளில் முட்டையிடுவதால், தொட்டியை மூடி வையுங்கள் என்ற அறிவுரை மிகச் சரி. ஆனால் மலேரியா ஒட்டுண்ணி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் என்ற எண்ணத்தைக் கட்டுரை தந்துவிட்டது. தாராவியில் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியதான பால்சிபாரம், குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்துக்கு அடங்காததை நம் நாட்டில் முதலில் கண்டது 1973இல், அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங்கில். வடகிழக்கில் காணப்படும் அந்த எதிர்ப்பு மரபணு தென்கிழக்கு ஆசிய வடிவத்தை ஒத்தது. நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலும் வேறு வடிவம். பின்னர் கூட்டு மருந்தில் சேர்த்துத் தந்த சல்பாடாக்சின்-பைரிமெத்தமினும் அங்கே பலனிழந்ததால், 2013இல் அரசு வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் கூட்டு மருந்தையே மாற்றியது. பரிசோதனைக்கும் இதே சிக்கல் உண்டு. பல விரைவுப் பரிசோதனைக் கிட்டுகள் தேடுவது பால்சிபாரம் வெளியிடும் ஹெச்ஆர்பி2 என்ற ஒரு புரதத்தை. பெருவின் அமேசான் பகுதியிலும் எரித்திரியாவிலும் அதை உருவாக்கும் மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. நோயாளிக்குக் காய்ச்சல் கொதிக்கும், கிட்டோ மலேரியா இல்லை என்று காட்டும். அப்போது உயிரைக் காப்பது நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்லைடுதான்.

மும்பையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும். நியூகினி வகை சில வாரங்களிலேயே திரும்பிவிடும். கொரிய வகை எட்டு, பத்து மாதம் கூடக் காத்திருக்கும். போன ஆண்டு எங்கே இருந்தீர்கள் என்று கேட்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சல் விட்டதும், கல்லீரலில் ஒளிந்திருப்பதை அழிக்கும் பிரைமாகுயின் மருந்தை நான்காம் நாளே நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஜி6பிடி குறைபாடு (இந்த மருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடிய பரம்பரைக் குறை) இல்லை என்று மருத்துவர் உறுதி செய்து 14 நாளுக்குக் கொடுத்தால், 14 நாளும் விழுங்க வேண்டும்.

எங்கள் தெருவில் திருநெல்வேலிக்காரர்களும் இருக்கிறோம், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். சரியான மருந்து கிடைக்க வேண்டும், அவ்வளவே. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பெயர், வயதுக்குக் கீழே, ‘கடந்த ஓராண்டில் தங்கிய ஊர்கள்’ என்று ஒரு வரி சேர்க்க மாநகராட்சி முன்வர வேண்டும். தங்கள் பத்திரிகை இதை வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை