முன்னுரை எழுதித் தருவதாகச் சொன்ன மனுஷன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் திட்டு, மிச்சம் அரைப் பக்கம் நலம் விசாரிப்பு. திட்டு நியாயம்தான். 2019 தீபாவளிக்கு வந்தபோது நீ கொடுத்த உன் கதைகளின் நீல அட்டை நோட்டு பீரோவில் என் பென்ஷன் காகிதங்களுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. "ஒரே மாசம், முன்னுரையோடு அனுப்பிவிடுகிறேன்" என்று நான் சொன்னதும் மறக்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறு.

இங்கே எல்லோரும் சுகம். போன மாசம் இடது கண்ணிலும் புரை எடுத்துவிட்டார்கள். என் வேட்டி இவ்வளவு வெள்ளை என்பதே இப்போதுதான் தெரிகிறது. வேட்டி பழுப்பேறிக் கிடக்கிறது என்று உன் தங்கச்சியிடம் மூணு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறேன். பழுப்பு என் கண்ணில் இருந்திருக்கிறது. அவள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கண் தெளிந்ததும் முதலில் கையில் எடுத்தது அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹார்லன் எல்லிசனைத்தான். "அந்தச் சண்டைக்காரக் கிழவனை இன்னுமா விடவில்லை?" என்று நீ கேட்டிருந்தாய். விடவில்லை. ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரிப் படித்தேன்.

அவர் கோபத்தைப் பற்றி ஊரில் பேசுவதில் பாதி, அவரே மேடை மேடையாகச் சொல்லிப் பரப்பியது. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் "உனக்கு எழுத வராது" என்று சொன்னாராம். இவர் கையை ஓங்கிவிட்டார், படிப்பு ஒன்றரை வருஷத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் எந்தக் கதை அச்சில் வந்தாலும் அந்தப் பேராசிரியருக்கு ஒரு பிரதி தபாலில் போய்விடுமாம், வருஷக்கணக்காக. இன்னொன்று, ஒரு பதிப்பகம் ஒப்பந்தத்தை மீறி அவர் புத்தகத்துக்குள் சிகரெட் விளம்பரம் போட்டுவிட்டது. அதன் கணக்கு அதிகாரிக்குச் செங்கல் செங்கலாகப் பார்சல் அனுப்பினாராம், வாங்குகிறவரே தபால் கூலி கட்டும்படி. அதற்கும் மசியாதபோது செத்துப்போன பெருச்சாளி மாதிரி ஒரு பிராணியை, இருப்பதிலேயே மெதுவாகப் போகிற தபாலில் போட்டாராம். எவ்வளவு நிஜம், எவ்வளவு சரடு என்று பிரிப்பது கஷ்டம். கதை சொல்லியிடம் போய் ஆதாரம் கேட்டால் எப்படி?

ஆனால் ஒரு சம்பவத்துக்குச் சாட்சி உண்டு. 1965 கடைசியில், பெவர்லி ஹில்ஸில் ஒரு தனியார் கிளப். கே டலீஸ் என்ற பத்திரிகையாளர் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி எழுத அவர் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்த நேரம். பில்லியர்ட்ஸ் அறையில் முப்பத்தொரு வயது எல்லிசன் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். அஞ்சடி அஞ்சங்குலம்தான் உயரம். காலில் புதிதாக 60 டாலர் கொடுத்து வாங்கிய காட்டிலாகாக்காரர் பூட்ஸ். சினாட்ராவுக்கு அந்தப் பூட்ஸைப் பிடிக்கவில்லை. இத்தாலியா? இல்லை. ஸ்பெயினா? இல்லை. இங்கிலாந்தா? எனக்கெப்படித் தெரியும் என்கிறார் எல்லிசன். அறையே அடங்கிப்போகிறது. உன் உடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார் சினாட்ரா. எனக்குப் பிடித்த மாதிரி நான் உடுத்துகிறேன் என்கிறார் இவர். சினாட்ரா என்றால் அந்த ஊரில் யார் என்று உனக்கே தெரியும். எல்லிசன் திரைக்கதையில் பங்கெடுத்த படம் ஒன்றை இழுத்து, நான் பார்த்தேன், குப்பை என்கிறார். ஆச்சரியமாக இருக்கிறதே, படம் இன்னும் வெளியாகவே இல்லையே என்று பதில் வருகிறது. டலீஸ் இதையெல்லாம் 1966 ஏப்ரல் எஸ்குயர் பத்திரிகையில் எழுதினார். முடிக்கிறபோது, சினாட்ரா இதை மூணே நிமிஷத்தில் மறந்திருப்பார், எல்லிசன் ஆயுசுக்கும் மறக்க மாட்டார் என்கிறார். எல்லிசனைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மறக்கவே மாட்டார், அதுதான் அவருடைய வியாதியும் மருந்தும். 1934-இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யூதப் பையன் என்று அடி வாங்கி வளர்ந்தார். 1949-இல் அப்பா இறந்துவிட்டார். இருபத்தொரு வயதில் நியூயார்க் போய், ரெண்டே வருஷத்தில் நூறு கதைக்கு மேல் எழுதித் தள்ளினார். அப்போது கிடைத்தது வார்த்தைக்கு இத்தனை காசு என்கிற கூலி. அந்தக் கூலிக்காரன் கணக்கு கடைசிவரை மனசை விட்டுப் போகவில்லை. அவரைப் பற்றி 2008-இல் வந்த ஆவணப்படத்தில் ஒரு இடம் உண்டு. அவர் முன்பு கொடுத்த ஒரு பேட்டியை டிவிடியில் சேர்க்க ஒரு பெரிய ஸ்டுடியோவிலிருந்து பெண் ஒருத்தி போனில் அனுமதி கேட்கிறாள். பணம்? பணம் எதுவும் கிடையாது, உங்களுக்கு விளம்பரமாச்சே என்கிறாள். உனக்கு மாசச் சம்பளம் வருகிறதா, உன் முதலாளிக்கு வருகிறதா, அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று மனுஷன் பிடித்துக்கொள்கிறார். நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அந்தக் கோபத்துக்கு நான் எப்போதும் கையெழுத்துப் போடுவேன்.

அவர் எழுத்தில் கை வைத்தாலும் அதே கதைதான். 'ஸ்டார் டிரெக்' என்ற டிவி தொடருக்கு அவர் எழுதிய அத்தியாயம் 1967 ஏப்ரலில் ஒளிபரப்பானது. அதற்குள் ரெண்டு மூணு பேர் கை வைத்துத் திருத்திவிட்டார்கள். அந்தத் தொடரின் ஆகச் சிறந்த அத்தியாயம் என்று இன்றைக்கும் ரசிகர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கிற ஹியூகோ விருதும் வாங்கியது. இவருக்கு ஆறவில்லை. திருத்தாத மூலப் பிரதிக்கு எழுத்தாளர் சங்கம் தனியாக விருது கொடுத்தது, அப்போதும் ஆறவில்லை. 2009-இல் அதே அத்தியாயத்துக்காக வழக்குப் போட்டார். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, மாப்ள!

தன் எழுத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று தோன்றினால் பெயர்ப் பட்டியலில் தன் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வெய்னர் பேர்ட்' என்று போடச் சொல்வார். பறவைக்குச் செருப்புத் தைக்கிறவன் என்று அர்த்தமாம். பறக்கிற ஜென்மத்துக்குச் செருப்பு எதற்கு? என் உழைப்பு அவ்வளவு வீணாகப் போனது என்று சொல்கிற விதம் அது. கெட்ட வார்த்தை ஒன்றும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை உனக்குக் கடிதத்தில் எழுத முடியாது, தங்கச்சி படிப்பாள்.

சரி, இதெல்லாம் அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டது. இப்போது அவரிடம் மற்றவர்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

1967-இல் 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். பத்திரிகைகள் தொடப் பயப்படுகிற கதையாகக் கொடு என்று எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கிய 33 கதைகள். பிலிப் கே. டிக், சாமுவேல் டிலேனி, ஃபிரிட்ஸ் லைபர் எல்லோரும் உண்டு. ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் அவரே ஒரு முன்னுரை எழுதினார். சில முன்னுரைகள் கதையைவிட ருசி. 1972-இல் ரெண்டாவது தொகுப்பு வந்தது. மூணாவதும் கடைசியுமான தொகுப்பு சீக்கிரமே வருகிறது என்று அப்போதே அறிவித்துவிட்டார்.

அது வரவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கதைகள் அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டன. இதோ வருகிறது, அடுத்த வருஷம் வருகிறது, முன்னுரைகள்தான் பாக்கி என்று எழுபதுகள் போயின, எண்பதுகளும் போயின. கதை கொடுத்தவர்கள் கிழவர்களானார்கள், சிலர் செத்தே போனார்கள். கிறிஸ்டோபர் பிரீஸ்ட் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் தன் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டதோடு, 1987-இல் இந்த வாக்குறுதிகளையெல்லாம் தேதிவாரியாகத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமே போட்டுவிட்டார். படித்தால் சிரிப்பு வரும், பாதிக்கு மேல் வராது.

என்னை உறுத்துவது ஆக்டேவியா பட்லர் விஷயம்தான். கறுப்பினப் பெண், கூச்ச சுபாவம், கையில் காசில்லை. லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் அவளிடம் திறமை இருப்பதை முதலில் கண்டவர் எல்லிசன். 1970-இல் கிளாரியன் எழுத்துப் பட்டறைக்குப் போகச் சொல்லித் தள்ளிவிட்டவர், அவள் கதை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவரும் அவர்தான். எவ்வளவு பெரிய மனசு பார். ஆனால் வாங்கியது அந்த மூணாவது தொகுப்புக்கு. பட்லர் நாவல் நாவலாக எழுதிப் பெரிய பெயரெடுத்து 2006-இல் இறந்தும் போனார். அந்தக் கதை அச்சில் வந்தது 2014-இல்தான், வேறு புத்தகத்தில். ஒரே மனுஷன் ஒரு கையால் கதவைத் திறந்துவிட்டு, இன்னொரு கையால் கதையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு முதல் ஹியூகோ வாங்கித் தந்ததே தாமதத்தைப் பற்றிய கதைதான். 1965-இல் ஆறு மணி நேரத்தில் ஒரே மூச்சாக எழுதியது. அந்தக் கதையின் உலகத்தில் நீ எத்தனை நிமிஷம் தாமதமோ அத்தனையும் உன் ஆயுளில் கழிக்கப்படும். கணக்கு வைத்திருக்கிறவன் பெயர் டிக்டாக்மேன். கோமாளி வேஷம் போட்ட ஒருத்தன் நகரும் நடைபாதையில் ஒன்றரை லட்சம் டாலருக்கு ஜெல்லி மிட்டாயை வாரிக் கொட்டுகிறான். கலர் கலராக உருண்டு இயந்திரத்துக்குள் புகுந்து ஊரே ஏழு நிமிஷம் நின்றுபோகிறது. அவனைப் பிடித்துக்கொண்டுபோய் மூளையைச் சலவை செய்துவிடுகிறார்கள். ஆனால் கடைசியில் டிக்டாக்மேனே மூணு நிமிஷம் தாமதமாக வருகிறான். காலேஜ் நாளில் படித்தபோது கோமாளி பக்கம் நின்று கைதட்டினேன். இப்போது படித்தால், கதையைக் கொடுத்துவிட்டு முப்பது வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஞாபகம் வருகிறது. அவர்கள் ஆயுளில் கழிந்த நிமிஷத்துக்குக் கணக்கு எங்கே?

எல்லிசன் 2018 ஜூனில் தூக்கத்தில் இறந்தார், எண்பத்து நாலு வயது. அவர் நண்பர் ஸ்ட்ரஸின்ஸ்கி பொறுப்பேற்று அந்த மூணாவது தொகுப்பை 2024-இல் வெளியிட்டார். பழைய கதைகளில் கொஞ்சம்தான் அதில் இருக்கின்றன, புதியவர்கள் சிலரையும் சேர்த்திருக்கிறார். அதில் அவர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரையிலிருந்து தெரிகிறது, எல்லிசனுக்கு இருதுருவ மனநோய் இருந்திருக்கிறது, வாழ்க்கையின் பெரும்பகுதி அது என்னவென்றே தெரியாமல். அதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. சோம்பேறி, வாய்ச்சவடால் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கொஞ்சம்தான். எல்லாவற்றையும் வியாதி மேல் போட்டுவிட முடியாது. 2006-இல் ஹியூகோ விருது மேடையில், ஊரே பார்க்க, கோனி வில்லிஸ் என்ற எழுத்தாளரின் மார்பைத் தொட்டார். மன்னிப்புக் கேட்டார், அப்புறம் வில்லிஸ் பதில் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு கோபம்! இதே மனுஷன்தான் 1978-இல், அமெரிக்க அரசியல் சட்டத்தில் பெண்களுக்கான சம உரிமைத் திருத்தத்தை அரிசோனா மாநிலம் ஏற்கவில்லை என்பதற்காக, அங்கே நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராகப் போயும் ஹோட்டலில் தங்காமல், அந்த மாநிலத்தில் காசு செலவழிக்காமல், வண்டியிலேயே குடியிருந்தவர். ரெண்டையும் சேர்த்து வைத்து எனக்குக் கணக்குப் போட வரவில்லை, போடப் போவதும் இல்லை.

நீ அவரை ஒன்றே ஒன்று படிப்பதாக இருந்தால், எல்லோரும் சொல்கிற அந்தக் கம்ப்யூட்டர் நரகக் கதையை விட்டுவிடு, நல்ல கதைதான் என்றாலும். 'ஜெஃப்டிக்கு வயது ஐந்து' படி. 1977-இல் வந்தது. ரெண்டு பேரும் ஐந்து வயதில் சிநேகிதர்கள். ஒருத்தன் வளர்ந்து டிவி கடை வைக்கிறான். ஜெஃப்டி ஐந்திலேயே நிற்கிறான். அவன் ரேடியோவில் மட்டும், என்றைக்கோ நின்றுபோன பழைய நாடகங்கள் புதுசு புதுசாக வந்துகொண்டிருக்கும். பெற்றவர்கள் அவனைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டுக்குள் சத்தம் போடாமல் நடப்பார்கள். ஒரு சனிக்கிழமை கடையில் கூட்டம். சிநேகிதன் வியாபாரத்தில் மும்முரமாகி, நீ முன்னாடி சினிமாவுக்குப் போ, இதோ வந்துவிடுகிறேன் என்று பையனைத் தனியாக அனுப்பிவிடுகிறான். மிச்சத்தை நீயே படித்துக்கொள். அத்தனை சண்டைக்காரனுக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று இருக்கும்.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எடுத்து வைத்து பதினோரு கதையையும் படித்து முடித்தேன். ரேஷன் கடை வரிசையில் கிழவி நிற்கிற கதை ரொம்ப நன்றாக இருக்கிறது, கடைசிப் பத்தி மட்டும் வேண்டாம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதோடு விட்டுவிடு. முன்னுரை நான் எழுதவில்லை, மாப்ள. இன்னொரு மாசம் என்று சொல்லவும் மாட்டேன். நாளைக் காலையில் நோட்டு கூரியரில் புறப்படும். முன்னுரையே இல்லாமல் போடு, அல்லது வேறு யாரிடமாவது கேள். எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். ஆறாவது கதையில் ரெண்டு பக்கம் ஒட்டியிருக்கும், மெதுவாகப் பிரி. காபி. அது நான்தான்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்