நீ பார்க்காத கோல்

டண்டீ
23 நவம்பர் 2025

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. டே நதிக் காற்று இந்த வருடம் சீக்கிரமே எலும்புக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கவலைப்படும்படி இல்லை.

செவ்வாய்க்கிழமை இரவு நீ வீடியோவில் வந்தபோது எனக்குக் குரலே இல்லை. ஹாம்ப்டன் மைதானத்தில் ஸ்காட்லாந்து டென்மார்க்கை 4-2 என்று வென்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைசி நிமிடத்தில் கென்னி மக்லீன் நடுக்கோட்டருகே நின்று தூக்கி அடித்த பந்து, கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் விழுந்தபோது நான் தமிழில் கத்தினேன் என்று அம்மா சொல்கிறாள். இருக்கும். 1998க்குப் பிறகு இப்போதுதான் ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குப் போகிறது. அன்று பிரேசிலோடு ஆடிய முதல் ஆட்டத்தை நீயும் நானும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். உனக்கு 19 வயது. இப்போது 46. நடுவில் இத்தனை வருடம் போயிருக்கிறது.

உங்கள் ஊரில் அப்போது காலை. பாப்பா பள்ளிச் சீருடையில் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீ அவளிடம் சொன்னாய்: “நான் உன் வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து, எங்கள் ஊர் அணி பார்சிலோனாவுக்குக் கோல் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.” அவள் கண்ணை அகல விரித்து, “நிஜமா தாத்தா?” என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அந்த ஆட்டத்துக்கு வரவில்லை, கண்ணா. 1987 மார்ச் 4, புதன்கிழமை. உனக்கு அப்போது சின்னம்மை போட்டிருந்தது. முதுகெல்லாம் கொப்புளம். அம்மா வேப்பிலைக்கு எங்கே போவது என்று தவித்து, கடைசியில் மருந்துக்கடைக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நீ போர்வைக்குள்ளிருந்து, “என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று அழுதாய். நான் ஆரஞ்சுத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

என்னோடு வந்தவர் மாடி வீட்டுப் பெரியவர். அவர் முகம் உனக்கு நினைவிருக்கிறதா? சணல் ஆலையில் வேலை பார்த்தவர். இளம் வயதில் கல்கத்தா பக்கத்துச் சணல் ஆலைகளுக்கு மேற்பார்வையாளராகப் போய்ச் சில வருடம் இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் டண்டீயிலிருந்து அப்படி நிறையப் பேர் போனார்கள். 1977இல் நாங்கள் பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கியபோது படிக்கட்டில் நின்று இந்தியில் நலம் விசாரித்தவர் அவர்தான். எங்களுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அந்த விசாரிப்பு அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளைக் கேள். அடுத்த சனிக்கிழமையே அவர் என்னை டண்டீ யுனைடெட் அணியின் மைதானமான டானடைஸுக்கு அழைத்துப்போனார். மழையில் நின்றபடி பார்த்தேன். இடைவேளையில் ஒரு கோப்பை பாவ்ரில் வாங்கிக் கையில் கொடுத்தார். அது மாட்டிறைச்சிச் சாறு என்று பிறகுதான் தெரிந்தது. நான் குடிக்கவில்லை, கை சூட்டுக்காகக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

பார்சிலோனா வந்த இரவில் அந்தச் சின்ன மைதானத்துக்குள் 21,000 பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றோம். எதிரே லினெக்கர், மார்க் ஹியூஸ், கோலில் சுபிசரேட்டா. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம். நான் இன்னும் நிற்க இடம் பிடித்து முடிக்கவில்லை. கெவின் கேலகர் அடித்த பந்து வேகமாகக்கூடப் போகவில்லை. மேலே எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் நின்றதுபோல் இருந்து, சுபிசரேட்டாவின் தலைக்கு மேலே வளைந்து வலைக்குள் இறங்கியது. பெரியவர் என் கையை இறுக்கிப் பிடித்ததில் மறுநாள் நீலம் பூத்திருந்தது. 1-0. அவ்வளவுதான் அன்றைய கோல். இரண்டு வாரம் கழித்து பார்சிலோனாவிலேயே முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஜான் கிளார்க் ஒன்று, இயன் ஃபெர்குசன் ஒன்று என்று 2-1க்கு வென்றார்கள்.

அப்படியானால் தோள்? அது பொய்யில்லை.

அன்று இரவு நான் திரும்பி வந்தபோது நீ விழித்திருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் என் கால் உறைகளைச் சுருட்டிப் பந்தாக்கினேன். அலமாரியைச் சுபிசரேட்டா ஆக்கினேன். உன்னைப் போர்வையோடு தூக்கித் தோளில் உட்காரவைத்து, “பார், பந்து இப்படி வருகிறது” என்று காட்டினேன். நீ “இன்னொரு தடவை” என்றாய். அன்று எத்தனை தடவை போட்டோமோ! உடம்பு தேறும்வரை தினமும் ராத்திரி அந்தக் கோலைக் கேட்டாய். நானும் சொன்னேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். பிறகு எப்போதோ ஒருநாள் நண்பனிடம், “நானும் அங்கே இருந்தேன்” என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. திருத்த மனம் வரவில்லை. உன்னை விட்டுவிட்டுப் போன குற்றம் அதில் கரைந்துபோகட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

உன்னிடம் நான் சொல்ல வேண்டியது இதோடு முடியவில்லை. பார்க்காததை இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிற நீ, பார்த்ததை மறந்துவிட்டாய். அதே வருடம் மே 20, ஐரோப்பிய அணிகளுக்கான அதே யூஃபா கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டம். அதற்கு நீ வந்தாய். என் பக்கத்தில்தான் நின்றாய்.

அந்த அணி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், பாப்பாவுக்குத் தெரியாது. டண்டீயில் இரண்டு அணிகள். இரண்டு மைதானமும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில். 1983இல் யுனைடெட் முதல்முறையாக ஸ்காட்டிஷ் லீக் சாம்பியன் ஆனதும், எதிர்வீட்டு மைதானமான டென்ஸ் பார்க்கில் டண்டீ அணியை 2-1 என்று வீழ்த்தித்தான். ரால்ஃப் மில்ன் தொலைவிலிருந்து கோல்கீப்பருக்கு மேலே மிதக்கவிட்ட அந்தப் பந்து! அந்தப் பருவத்தில் 90 கோல். செல்டிக்கையும் அபர்டீனையும் ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அந்த ஒரே முறைதான். மூன்று நாள் முன்னால்தான் அபர்டீன் கோதன்பர்க்கில் கொட்டும் மழையில் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கியிருந்தது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கே விளக்கேற்றியதுபோல் இருந்த ஒரு வாரம் அது.

இத்தனைக்கும் காரணம் பயிற்சியாளர் ஜிம் மக்லீன். கடுமையான மனிதர். அவர் கையில் ஆடுவது பையன்களுக்கு எளிதாக இருக்கவில்லை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் சிறுவர்களாகச் சேர்த்து, வளர்த்து, வருடக்கணக்கில் ஒன்றாக வைத்து அணி கட்டினார். கிளாஸ்கோவின் பெரிய அணியான ரேஞ்சர்ஸ் கூப்பிட்டபோதும் போகவில்லை. டேவிட் நேரி 1973இலிருந்து 1994வரை இதே அணியில் 800 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். மாரிஸ் மால்பாஸ் பந்தும் ஆடிக்கொண்டு மின் பொறியியலும் படித்து முடித்தவர். அதை நான் உனக்குச் சொல்லாத பரீட்சைக் காலமே கிடையாது.

அந்த மே மாதம் கொடுமையானது. 16ஆம் தேதி சனிக்கிழமை ஹாம்ப்டனில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி. செயின்ட் மிரனிடம் கூடுதல் நேரத்தில் 1-0 என்று தோற்றோம். நாலு நாளில் டானடைஸில் யூஃபா கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டம். ஸ்வீடன் அணி கோதன்பர்க் தன் ஊரில் முதல் ஆட்டத்தை 1-0 என்று வென்றுவிட்டிருந்தது. நம் பையன்கள் களைத்திருந்தார்கள். ஓட்டத்திலேயே தெரிந்தது.

நீ என் முன்னால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மே மாதமானதால் வெளிச்சம் போகவே இல்லை. 22ஆம் நிமிடத்தில் நில்சன் கோல் போட்டார். வெளியூர் அணியின் கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதியால் அதற்குப் பிறகு நமக்கு மூன்று வேண்டும். பெரியவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். இரண்டாம் பாதியில் கிளார்க் திரும்பி அடித்த பந்து உள்ளே போனது. நீ கம்பியின் மேல் ஏறிவிட்டாய், உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று மைதானமே கொதித்தது. வரவில்லை. 1-1. கோப்பை ஸ்வீடனுக்கு.

நீ அழ ஆரம்பித்தாய். கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்து உன் கையைப் பிடித்தேன். யாரும் நகரவில்லை. முதலில் நம் பையன்களுக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், நீலச் சட்டைக்காரர்கள் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள், நம்மை வென்றவர்களுக்கு அந்தக் கூட்டம் முழுவதும் நின்று கைதட்டுகிறது. ஆரஞ்சுத் துண்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஓடி வந்த ஒரு ஸ்வீடன் வீரர் எங்களுக்கு எதிரே வந்ததும் நடையாகிவிட்டார். அவரும் திருப்பிக் கைதட்டினார்.

நீ என்னிடம், “நம்மைத் தோற்கடித்தவர்களுக்கு எதற்கு?” என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர் குனிந்து உன் காதருகே சொன்னார்: “நம் வீட்டுக்கு வந்தவர்கள், நன்றாகவும் ஆடினார்கள்.” நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகை நிற்காமலேயே கைதட்டினாய். எட்டு வயதுக் கை. அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. பிறகு ஃபிஃபா நன்னடத்தைக்காக ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் விருதை டண்டீ யுனைடெட் ரசிகர்களுக்கே கொடுத்தது. அதில் ஒரு துளி உன்னுடையது.

இங்கே என் வயதுக்காரர்கள் கூடினால் அந்தக் காலமே பொற்காலம் என்கிறார்கள். நான் முழுவதும் ஒத்துக்கொள்வதில்லை. 1971இல் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கிச் செத்ததும் அந்தக் காலம்தான். 1988இல் ரேஞ்சர்ஸுக்கு ஆட வந்த மார்க் வால்டர்ஸ் மேல், கறுப்பர் என்பதற்காக வாழைப்பழம் வீசினார்களே, அதை டிவியில் பார்த்த மறுவாரம் உன்னை மைதானத்துக்கு அழைத்துப்போக எனக்குக் கால் வரவில்லை. பெரியவர்தான் கதவைத் தட்டி, “பையன் எங்கே?” என்று கேட்டார். அவர் வந்து நின்றதால் போனோம். வாசல் சுழல் கதவுக்கு முன்னால் பொடியன்கள் யாரையாவது பார்த்து, “தூக்கிவிடுங்கள்” என்று கேட்பார்களே, தூக்கி அந்தப் பக்கம் விட்டால் டிக்கெட் இல்லாமல் உள்ளே போய்விடலாமே, அன்று அவர் உன்னைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார். அவரும் போய்விட்டார், மில்னும் போய்விட்டார், ஜிம் மக்லீனும் 2020 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

இத்துடன் இறுதி ஆட்டத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்தை அனுப்புகிறேன். மாடி அறை அலமாரியில் உன் பழைய அறிக்கை அட்டைகளுக்கு அடியில் கிடந்தது. பின் அட்டையில் பென்சிலால் 1-1 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையை வரைந்திருக்கிறாய். ஆறு விரல் இருக்கிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அனுப்ப வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றாள். பாப்பாவுக்கு என்றதும் சம்மதித்துவிட்டாள். ஓரம் மடங்காமல் இருக்க நடுவில் அட்டை வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கவனம்.

பார்சிலோனா கோல் விஷயத்தைப் பாப்பாவிடம் நீயே சொல்லிவிடு. எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும். கால் உறை வேண்டுமானால் என்னுடையது ஒரு ஜோடி புத்தகத்தோடு வருகிறது.

உலகக் கோப்பைக் குலுக்கல் டிசம்பர் 5. அது முடிந்ததும் கூப்பிடு, உங்கள் ஊரில் விடிந்திருக்கும். அவளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அன்புடன்,
உன் அப்பா