களத்துமேட்டில் நாட்டுப்புற இசை மாலை: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிழைப்பின் பொருட்டுச் சென்னையிலும் திருப்பூரிலும் கடல் கடந்தும் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், நாட்டுப்புற இசை மன்றத்தின் விழாக் குழுவினர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

மாசி மகம் கழிந்து வரும் முதல் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, குடமுருட்டிக் கரையை ஒட்டிய நம் களத்துமேட்டில், மன்றத்தின் இவ்வாண்டு இசை நிகழ்ச்சியை நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம். சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருக்கும் நேரம் அது. பங்குனி பிறந்துவிட்டால் கோயில் திருவிழாக்களுக்காகக் கலைஞர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடுவார்கள் என்பதால், அதற்குமேல் நான்கு குழுவினரை ஒரே மாலையில் ஓரிடத்தில் சேர்ப்பது அரிது. இந்நிகழ்ச்சிக்காக உங்கள் நன்கொடையை வேண்டுகிறோம்.

கேட்பதற்கு முன், சென்ற ஆண்டு நடந்த ஒன்றை நாங்களே சொல்லிவிடுவதுதான் முறை. அன்று வசூல் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அன்றிரவே பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டு, தப்பாட்டக் குழுவினருக்கு மட்டும் பேசிய தொகையில் பாதியைக் கொடுத்து, மீதியைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி வேனில் ஏற்றி அனுப்பினோம். அந்த மீதி அவர்களுக்குப் போய்ச் சேர இரண்டு மாதமாயிற்று. அவர்கள் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எங்களுக்கு அதிகமாக உறுத்தியது. பந்தல் போட்டவரை நிறுத்திவைக்கத் தயங்கிய நாம், பறை அடித்தவரை நிறுத்திவைக்கத் தயங்கவில்லை. ஆகவே இவ்வாண்டு வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுக்கும்போதே பாதித் தொகையையும், எஞ்சிய பாதியை அவர்கள் சலங்கை கட்டும் முன்பும் கையில் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். நிகழ்ச்சியன்று உண்டியல் ஏந்தி இதைச் செய்ய இயலாது. பணம் முன்கூட்டியே சேர வேண்டும்.

மாலையின் முதல் நிகழ்ச்சி தப்பாட்டம். இழவு வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டிய ஒலி என்று அதை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நினைப்பு போக வேண்டும் என்பதற்காகவே அதை முதலில் வைத்திருக்கிறோம். ஆட்டம் தொடங்கும் முன், கலைஞர்கள் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்று விரும்புகிறோம். பனியில் தொய்ந்த தோல் இறுக இறுக, விரலால் தட்டும்போது மொத்தென்று விழுந்த ஒலி மெல்ல மெல்லக் கணீரென்று எழும். அந்தப் பதம் வந்ததும் வலக்கையில் அடிகுச்சியும் இடக்கையில் சிம்புக்குச்சியும் ஏறிவிடும். காய்ச்சத் தேவையில்லாத செயற்கைத் தோல் இப்போது கடையில் கிடைக்கிறது, மச்சைத் துளைக்கும் மாசிப் பனிக்கும் அது அசைவதில்லை. இருந்தாலும் தோல் கட்டிய தப்பையே கொண்டுவரும்படி கேட்டிருக்கிறோம். அதற்கான வைக்கோலை நம் களமே கொடுக்கும்.

அடுத்தது நடவுப் பாட்டு. நம் ஊரிலும் பக்கத்து ஊரிலும் உள்ள எட்டுத் தாய்மார்கள் பாட இசைந்திருக்கிறார்கள். ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடியபடி, பின்னோக்கி நகர்ந்து நாற்று ஊன்றுவது நடவின் வழக்கம். சேற்றிலிருந்து கால் எடுத்து வைக்கும் கணக்கே அந்தப் பாட்டின் தாளம். நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் பரவியபின் பாட்டு வயலை விட்டு வெளியேறிவிட்டது. இயந்திரத்தின் மீது எங்களுக்குக் குறையில்லை. நாளெல்லாம் குனிந்து இடுப்பொடிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பாட்டுத் தெரிந்தவர்கள் அனைவரும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். சென்ற மாதம் ஒத்திகைக்காகத் திண்ணையில் கூடியபோது, இரண்டு அடிக்குமேல் நினைவு வராமல் தடுமாறிய ஓர் அம்மா, எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் நாற்றுமுடி இருப்பதுபோல் குனிந்து நின்றார். மூன்றாம் அடி தானாக வந்தது, அதன் பின்னால் பாட்டு முழுவதும் வந்தது. அதனால் இவர்களுக்கு மேடையும் நாற்காலியும் வேண்டாம். மண்தரையில், அவர்களுக்குப் பழகிய விதத்தில் பாடட்டும். அந்தப் பாடல்களை அன்றே முறையாக ஒலிப்பதிவு செய்துவிடவும் எண்ணியிருக்கிறோம்.

பின்னர் கரகாட்டத்துடன் நையாண்டி மேளமும், மரக்கால் கட்டி ஆடும் பொய்க்கால் குதிரையும் நடைபெறும். இரண்டும் நீங்கள் அறிந்தவை. மேளத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறோம்: நாதஸ்வரக்காரர் கொண்டுவரும் வாத்தியம் ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் செய்யப்படும் அந்த வாத்தியத்தைக் காது அதிரும் பெட்டிகள் வழியாகக் கேட்பது அதற்குச் செய்யும் மரியாதையாகாது. எனவே பெரிய ஒலிபெருக்கிகளை இவ்வாண்டு அறவே தவிர்த்திருக்கிறோம். மக்கள் வட்டமாகச் சூழ்ந்து அமர்ந்தால் போதும்.

செலவுக் கணக்கு இது. ஆணுக்கும் பெண்ணுக்கும், தப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் வேறுபாடின்றி, கலைஞர் ஒருவருக்கு ரூ. 2,500 என்று வைத்து, 30 கலைஞர்களுக்கு ரூ. 75,000. வேன் வாடகை ரூ. 12,000, சாப்பாடு ரூ. 18,000, பந்தலும் விளக்கும் ரூ. 9,000, ஒலிப்பதிவு ரூ. 6,000. ஆக மொத்தம் ரூ. 1,20,000. உறுப்பினர் சந்தாவிலிருந்து ரூ. 30,000 கையிருப்பில் உள்ளது. இன்னும் வேண்டியது ரூ. 90,000. ஒருவர் ரூ. 2,500 கொடுத்தால் ஒரு கலைஞரின் சன்மானத்தை முழுமையாக ஏற்றவராவார். ஐம்பதும் நூறுமாக வருவதையும் அதே மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம்.

பணமாகக் கொடுக்க இயலாதவர்கள் அரிசி, காய்கறி, வாழையிலை, வைக்கோல் என்று எதைக் கொடுத்தாலும் உதவும். இரவு தங்கிச் செல்லும் கலைஞர்களுக்குத் தங்கள் வீட்டில் இடமளிக்க முன்வருவோர் குழுவினரிடம் தெரிவிக்கலாம். நிகழ்ச்சிக்குப் பின் கலைஞர்களும் ஊராரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. இதில் எவருக்கும் விலக்கில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

நன்கொடையை மன்றக் கட்டடத்தில் மாலை வேளைகளில் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் இங்குள்ள உறவினர் மூலம் கொடுத்தனுப்பலாம். நன்கொடையாளர் பெயர்களைத் தொகை குறிப்பிடாமல் அகரவரிசையில் பலகையில் எழுதி வைப்போம். பொன்னாடையும் பாராட்டுரையும் நிகழ்ச்சியின் இடையில் இடம்பெறா. வரவு செலவு விவரம் அடுத்த வாரமே மன்ற வாசலில் ஒட்டப்படும். மீதமிருந்தால் அத்தொகை தப்புக்கும் தவிலுக்கும் தோல் மாற்ற உதவியாகக் கலைஞர்களுக்கே வழங்கப்படும்.

அச்சாரம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குவதால், தை மாதக் கடைசிக்குள் உங்கள் பங்கு எங்களிடம் வந்து சேருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்,
நாட்டுப்புற இசை மன்றம்