செக்கிங் நாளுக்குத் திரும்பி வந்த அக்கா: மறுவாழ்வுத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் உள்ள ஓர் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்தவள். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர்கள் என் பெற்றோர். மண்டபத்தில் இறங்கி, சில வாரம் அங்கே இருந்து, அப்புறம் லாரியில் ஏற்றி இந்த முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து இதுதான் எங்கள் ஊர். இப்போது மாலை நேரத்தில் முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். எந்த மாவட்டம், எந்த முகாம் என்று எழுதவில்லை. எழுதினால், நான் சொல்லப்போகும் அக்கா யார் என்று அக்கம்பக்கத்துக்கு மட்டுமல்ல, அவரை அடித்தவனுக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் வீடு பத்துக்குப் பத்து. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தீக்குச்சி உரசினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்த வீட்டு அக்கா அடி வாங்குவதும் அப்படித்தான் கேட்கும். முதலில் புருஷன் குரல் உயரும். அப்புறம் ஏதாவது ஒரு பாத்திரம் உருளும். அப்புறம் எங்கள் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தோம்.

ஒரு நாள் விடியற்காலையில் அக்கா சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வேறொரு மாவட்டத்து முகாமில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். நாங்கள் எல்லோரும் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டோம். பத்து நாள்கூட ஆகவில்லை, முகாம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் செக்கிங் நாள் வந்தது. அக்காவின் பதிவு எங்கள் முகாமில்தான் இருந்தது. வரிசையில் ஆள் இல்லையென்றால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கும், அரிசி நிற்கும். பேரை அடித்துவிட்டால் மறுபடி சேர்ப்பதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். முகாமில் பேர் இல்லாதவள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அக்கா திரும்பி வந்தார். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். பேர் கூப்பிட்டதும் "இருக்கேன் சார்" என்றார். ரிஜிஸ்டரில் டிக் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி மறுபடி பாத்திரம் உருண்டது.

ஐயா, நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். எங்கள் முகாம்களில் அடிபடும் பெண்ணைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருப்பது அவள் புருஷன் மட்டும் இல்லை, பதிவும்தான். உங்கள் துறையால் ஒருவனுடைய கையைக் கட்டிப்போட முடியாது. பதிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

முகாம் மாற்றம் கேட்டு மனுப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போடலாம். அந்த மனு யார் யார் மேசைக்குப் போகும் என்று பாருங்கள். முகாம் தலைவர், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் அலுவலகம், முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸின் கியூ பிரிவு, அப்புறம் இரண்டு மாவட்டத்துக் கலெக்டர் அலுவலகங்கள். தலைவர் பல நேரம் புருஷனுக்குச் சொந்தக்காரர், இல்லையென்றால் கூட்டாளி. "குடும்பத் தலைவர் கையெழுத்து எங்கே?" என்ற கேள்வி எப்படியும் வரும். யாரிடமிருந்து தப்ப நினைக்கிறாளோ அவனிடமே கையெழுத்து வாங்கி வா என்றால் அவள் எங்கே போவாள்? பணக்கொடையும் அப்படித்தான். 2021இல் அரசு அதை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். எவ்வளவு என்று கணக்குப் போடுவது ஆளுக்கு ஆள் தனித்தனி. அக்காவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வந்த பணம் மட்டும் புருஷன் கைக்குத்தான் போனது. அதில் பாதி அன்று மாலையே எங்கே போனது என்று முகாமில் எல்லோருக்கும் தெரியும்.

புகார் சொல்லலாமே என்பது அடுத்த கேள்வி. எங்களை எண்ணுகிறவர்களும் எங்கள் புகாரைக் கேட்கிறவர்களும் ஒரே ஆட்கள். வெளியூர் போக அனுமதி கொடுப்பவரிடம், வீட்டுக்கு வந்து விசாரிப்பவரிடம் போய், என் புருஷன் அடிக்கிறான் என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள்? சொன்னால் "முகாமில் பிரச்சினை" என்று குறிப்பு எழுதி, நாளைக்கு மகனின் காலேஜ் சர்டிபிகேட்டை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் வீண் என்று உங்களால் சொல்ல முடியுமா? 2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில், வருகைப் பதிவின்போது வருவாய்த் துறை அலுவலருடன் ஏற்பட்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒருவர் மின்கம்பத்தில் ஏறி உயிரை விட்டார். அந்த ரிஜிஸ்டருக்கு எவ்வளவு கனம் என்று அன்றைக்கு எல்லா முகாம்களும் பார்த்தன. ஓர் ஆண் நிற்கவே தயங்கும் இடத்தில் கன்றிப்போன கண்ணோடு ஒரு பெண் போய் நிற்க மாட்டாள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் என்று சொல்வது எந்தப் பெண்ணையும்தான். குடியுரிமை அட்டை கேட்கவில்லை. மனுக் கொடுத்தால் நீதிமன்றம் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது. 1998இல் ஹவுரா ரயில் நிலையத்தில் வங்கதேசத்துப் பெண் ஒருவர் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அந்த வழக்கில், அவர் வெளிநாட்டுக்காரர், இழப்பீடு கேட்க உரிமை இல்லை என்று ரயில்வே வாதாடியது. 2000இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. உயிருக்கும் மானத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21ஆம் பிரிவு இந்நாட்டில் இருக்கும் எவருக்கும் உண்டு என்று சொல்லி, 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை என்பதைச் சாக்காகச் சொல்ல இங்கே இடமே இல்லை.

ஆனால் இது எங்கள் முகாமில் யாருக்குத் தெரியும்? பெண்களுக்கான உதவி எண்ணான 181ஐ நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. வல்லுறவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் கரு தங்காமல் இருக்கவும் மருந்து உண்டு, எந்த ஆஸ்பத்திரியும் காசு வாங்காமல் உடனே பார்க்க வேண்டும், எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். போடலாம் என்பதெல்லாம் எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதற்கு முன் முகாமில் நடந்தவை பஞ்சாயத்தில் முடிந்தன. பெண்ணின் வீட்டுக்கு ஒரு தொகை, இல்லையென்றால் கல்யாணம். பதினாறு வயதுப் பிள்ளையைக் கெடுத்தவனுக்கே கட்டிவைத்து "கௌரவத்தைக் காப்பாற்றிவிட்டோம்" என்று பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி அது சமரசம் பேசக்கூடிய விஷயமே இல்லை.

பக்கத்து ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாமுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு ஓடை, அதை ஒட்டித்தான் எங்கள் பொதுக் கழிப்பறை. விளக்கு எரிந்த நாள் குறைவு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பழைய சேலைக் கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இரவில் போவதென்றால் நான்கு பேர் செல்போன் வெளிச்சத்தில் சேர்ந்து போவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் எங்களில் உண்டு. ஊர்ப் பையன்கள் சிலர் பைக்கில் வந்து நிற்பார்கள். "அகதிப் பிள்ளைகள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று ஒருவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் வார்டு உறுப்பினர் அந்த ஓடைப் பக்கம் வருவதில்லை.

அதே ஊரின் பெண்களோடுதான் நான் பூப்பறிக்கப் போயிருக்கிறேன். அவர்கள் கையிலும் வளையல் உடைந்து கிழித்த காயம் இருக்கும். அவர்களுக்கு ஓட்டு உண்டு, ரேஷன் கார்டு உண்டு, ஆதார் உண்டு. ஆனாலும் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒன் ஸ்டாப் சென்டருக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அரை நாள் கூலி போகும். முகாமுக்கென்று ஏதாவது செய்தால் அது அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் "அகதிகளுக்கே எல்லாம்" என்ற பேச்சு கிளம்பும், அந்தக் கோபமும் கடைசியில் எங்கள் பெண் பிள்ளைகள் மேல்தான் விழும்.

ஐயா, நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட்டில் 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். அகதிகள் முகாம் என்ற பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அன்றைக்கு எங்கள் அப்பா பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டினார். அந்த மறுவாழ்வு எங்கள் அக்காவுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஓர் உத்தரவு போடுங்கள். வன்முறையால் முகாமை விட்டுப் போகும் பெண்ணின் பதிவும் அவளோடு போகும் பிள்ளைகளின் பதிவும் அவர்கள் பின்னாலேயே போகட்டும். புருஷன் கையெழுத்து வேண்டாம், தலைவர் கடிதம் வேண்டாம், குடும்ப வன்முறைச் சட்டப்படி பெண்களுக்கு உதவ இருக்கும் பாதுகாப்பு அலுவலரின் ஒரு தாள் போதும் என்று இருக்கட்டும். அந்தத் தாள் கிடைக்கும் வரைக்கும் செக்கிங்கில் அவள் பேரை அடிக்கக் கூடாது. எந்த முகாமுக்குப் போனாள் என்பதை இந்த முகாமில் யாரிடமும் சொல்லக் கூடாது. அவள் பங்குப் பணக்கொடை அவள் பேரில் இருக்கும் கணக்குக்குப் போகட்டும். இதற்கு ஒரு செங்கல்கூட வாங்க வேண்டியதில்லை.

அப்புறம், சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மாதம் ஒருமுறை முகாமுக்கு வரட்டும். செக்கிங் நாளில் வேண்டாம், சீருடையோடு யாரும் கூட வரவும் வேண்டாம். தையல், தடுப்பூசி என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் பெண்கள் வந்துபோகிற மாதிரி இருந்தால், யார் எதற்காக வந்தாள் என்று வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. ஊர்ப் பெண்களும் அதே வாசலில் வரட்டும். முகாம் குழு பேசி முடித்துவைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எங்கள் தலைவர்கள் மறந்துவிடுவார்கள். கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் போடுவதைப் பற்றித் தனியாக எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று தெரியும். எங்கள் முகாமில் பால்வாடிக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. போன வாரம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அதைக் கூட்டிக் கழுவி, ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டோம். இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒரு பாய் இருக்கிறது. திரையைத் தைத்துக் கொடுத்தது அந்த அக்காதான். சாவி என்னிடம் இருக்கிறது. எந்தத் தேதி என்று சொல்லுங்கள், திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
முகாமில் பிறந்த ஒரு டீச்சர்