மூணு மொழம் தள்ளிப் போன பொழிக்கல்லு

மாப்ள,

ஆறு மாசமா ஒரு வரி போடல, அதுக்குத் திட்டணும்னா இப்பவே திட்டிக்கோ, கடைசில சொல்லப் போறதுக்குத் தனியா திட்ட வேண்டியிருக்கும். அம்மாக்குக் கால்வலி தேவல. குட்டிமணி கல்யாணத்துக்கு நீ வராதத அவன் இன்னும் மறக்கல.

நெலத்தத் துல்லியமா அளக்குறதுக்கு மொட்டமாடில ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா நட்டு வெச்சிருக்கேன்டா, அம்மா அதுல துணிக்கயிறு கட்டப் பாத்துச்சு. அதான் பேஸ். இன்னொன்னக் கோல்ல மாட்டித் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போறது, அது ரோவர். 20,200 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துற ஜிபிஎஸ் சேட்டிலைட்டுல இருந்து வர்ற சிக்னல் வழில தடுமாறுறதுனால போன் காட்டுற எடம் மூணு நாலு மீட்டர் முன்ன பின்ன இருக்கும்ல, ஆனா பக்கத்துல இருக்குற ரெண்டு ஆன்டெனாவுக்கும் ஏறக்கொறைய ஒரே தப்புத்தான் வரும், அதனால அசையாம நிக்குற பேஸ் வாங்குறத உடனுக்குடனே ரோவருக்கு அனுப்பிட்டா தப்பு கழிஞ்சு ரெண்டு சென்டிமீட்டர்ல வந்து நிக்கும், அதுக்குப் பேருதான் ஃபிக்ஸ்.

அனுப்புறதுதான் பாடு. மொதல்ல நெட் வழியா பாத்தேன், ரோவர்ல இஎஸ்பி32ன்னு ஒரு சின்ன வைஃபை போர்டு, கைல போன் ஹாட்ஸ்பாட். போர்டு ஹாட்ஸ்பாட்டையே கண்டுக்கல. பாஸ்வேர்ட மாத்துனேன், போர்ட மாத்துனேன், ஒரு நாள் போச்சு, கடைசில பாத்தா போன் 5 கிகாஹெர்ட்ஸ்ல விடுது, அந்த போர்டுக்கு 2.4 மட்டுந்தான் தெரியும்! அது சரியாச்சுன்னா, வேலந்தாவளம் பக்கம் போனதும் கேரளா டவரா தமிழ்நாடு டவரான்னு போன் முழிக்குது, நெட் அறுந்து ஃபிக்ஸ் போய் ஃப்ளோட்டு, அதாவது துல்லியம் கெட்டுருது. நம்மளயும் ரெண்டு பக்கமும் அப்படித்தான வெச்சிருக்காங்க.

நெட்டே வேண்டாம்னு லோரா ரேடியோவுக்கு மாறுனேன், 865–867 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் வேண்டாம், ஆனா மாட்டு வண்டி வேகம். அதனால பேஸ் அனுப்புற சேட்டிலைட் கணக்குல பெரிய எம்எஸ்எம்7 செய்திய விட்டுட்டுச் சின்ன எம்எஸ்எம்4, பேஸ் தான் இருக்குற எடத்தச் சொல்ற 1005ங்கிற செய்தி பத்து செகண்டுக்கு ஒருக்கா. மூணு கிலோமீட்டர் தென்னந்தோப்பத் தாண்டி ஃபிக்ஸ் வந்துச்சு மாப்ள, நான் குதிச்ச குதில கள்ளெறக்குறவரு மரத்து மேல இருந்து என்னடான்னு கேட்டாரு.

இனிதான் விஷயம். உங்க அண்ணன் தோட்டத்துல டிராக்டர் புடுங்கிப்போட்ட வடகெழக்கு மூலப் பொழிக்கல்லு, அந்த எல்லைக் கல்லு இருக்குல்ல, அத நான் நட்டுத் தர்றேன்னு வாய் விட்டேன். மொத நாள் மத்த கல்லு இருக்குற எடத்தெல்லாம் ரோவர்ல அளந்து, பழைய அளவ வெச்சு அந்த மூலைக்குக் கணக்குப் போட்டுட்டேன். ராத்திரி கரண்டு போய் வந்துச்சு. மறுநா கணக்குப்படி நட்டேன், திரைல ஃபிக்ஸ், ரெண்டு சென்டிமீட்டர், பெருமையா போட்டோ வேற. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு கயித்தப் புடிச்சு அளந்து, மூணு மொழம் என் பக்கம் வந்துருச்சேன்னாரு.

அவரு சொன்னது சரி. கரண்டு வந்ததும் பேஸ் தன் எடத்த மறுபடி தானா அஞ்சு நிமிஷம் பாத்துப் புதுசா முடிவு பண்ணிருக்கு, முந்தின நாளுக்கு 1.4 மீட்டர் வித்தியாசம். 1005ல அது சொன்னத ரோவர் அப்படியே நம்பிருச்சு. ஃபிக்ஸுங்கிறது பேஸுக்கும் ரோவருக்கும் எவ்வளவு தூரம்ங்கிறதுதான், பேஸே தப்பா நின்னா ஊரே ஒட்டுக்கா தள்ளிப் போகும். இது எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் அந்தப் பச்ச லைட்டப் பாத்து மயங்கிட்டேன். கேரளாவுல 2022 நவம்பர்ல தொடங்குன டிஜிட்டல் நெல சர்வேக்கு 28 நெலையான பேஸ் ஸ்டேஷன் வெச்சாங்களே, எதுக்குன்னு இப்பத்தான் ஒறைக்குது.

பேஸ் வாங்குற சிக்னல ராத்திரி முழுக்கப் பதிவு பண்ணி கனடா அரசோட இலவசக் கணக்குச் சேவைக்கு அனுப்பி, வந்த எடத்த பேஸ்ல பூட்டிட்டேன். கல்லப் புடுங்கிட்டேன். ஆனா அதுக்குள்ள ரெண்டு வீடும் பேச்சுவார்த்த இல்ல, நாப்பது வருசம் ஒரே கெணத்துல தண்ணி எறச்சவங்க. பெரியவர் வீட்டுக்குப் போய் நின்னேன், மோர் குடுத்தாரு, ஒண்ணும் சொல்லல. அதான் தாங்கல.

உங்க அண்ணன் என் போன எடுக்குறதில்ல. ஞாயித்துக்கெழம நீ கூப்புட்டு, தப்பு இவன் மிஷின்ல, அந்தப் பெரியவர் மேல இல்லன்னு சொல்லிரு. தாலுக்கா சர்வேயருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லு, செலவு என்னோடது.